மரணசாதனமும் நீதிமன்றத்தின் மனச்சாட்சியும்

முப்பத்தோராம் நாட் கருமங்கள் முடிந்து, வந்த உறவினர் ஒவ்வொருவராக விடைபெற்றுச் செல்லும் வேளையிலேதான் பெரும்பாலும் அந்தக் கடதாசி வெளியே வருகின்றது. "ஐயா மரணசாதனம் ஒன்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்" என்று வீட்டிலே ஒருவர் மெல்லச் சொல்கின்றார். அதுவரை ஒரே துக்கத்தில் ஒன்றாக இருந்த பிள்ளைகள் அந்த ஒரு வார்த்தையோடு இரு கட்சிகளாகி விடுகின்றனர்.

கொழும்பிலே கொச்சிக்கடைப் பகுதியில் ஒரு குடும்பத்தை உதாரணமாக எண்ணிக்கொள்ளலாம். துறைமுகத்தை அண்டிப் பிழைத்த தகப்பன், ஜம்பட்டா வீதிக்கு அயலிலே நான்கு பேர்ச் நிலமும் அதன் மேல் ஒரு பழைய மாடி வீடும் தேடி வைத்தார். மனைவி முன்னரே காலமாகிவிட்டாள். மூத்த மகன் கடல் கடந்த நாட்டிலே இருக்கின்றான். மகள் அந்த வீட்டிலேயே இருந்து, பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த தகப்பனை மூன்று வருடங்களாகப் பராமரித்தாள். இளைய மகன் வெள்ளவத்தையிலே வசிக்கின்றான். தகப்பன் இறப்பதற்கு ஒன்பது நாட்களின் முன், ஆசுபத்திரியிலே வைத்து, ஒரு மரணசாதனம் முடிக்கப்பட்டதாக இப்போது தெரிய வருகின்றது. வீடும் நிலமும் இளைய மகனுக்கே. பத்திரம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. தகப்பனுக்கோ தமிழ் மாத்திரமே வாசிக்கத் தெரியும். சாட்சிகள் இருவரும் இளைய மகனின் நண்பர்கள். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்திலே பெருவிரல் அடையாளம் காணப்படுகின்றது.

அந்த மகள் சட்டத்தரணியிடம் சென்று சொல்லும் முதல் வார்த்தை என்ன? "நான் அல்லவா மூன்று வருடம் பார்த்தேன், எனக்கு ஒன்றும் வைக்காமல் விட்டால் அது நியாயமா?" என்பதே. கேட்பவர் எவருடைய நெஞ்சையும் தொடக்கூடிய கேள்விதான். ஆனால் வழக்குக்கு அது உதவாத கேள்வி. பிள்ளைகள் பலர் தங்கள் வழக்கைத் தொடங்கு முன்னரே இழந்துவிடுவது, இந்தக் கேள்வியையே பற்றிக்கொண்டு, கேட்கவேண்டிய மற்றக் கேள்வியைக் கேளாமல் விடுவதனாலேதான்.

இதன் காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக் குன்றுக்கு ஹல்ஸ்டோர்ப் என்று மற்றொரு பெயர். 1656ஆம் ஆண்டிலே கொழும்பு முற்றுகையின்போது உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்ட் என்பவரின் ஞாபகமாக வந்த பெயர் அது. ஒல்லாந்தர் பெயரை மாத்திரம் விட்டுச் செல்லவில்லை. றோமன் டச்சுச் சட்டத்தையும் இத்தீவிலே விட்டுச் சென்றனர். அச்சட்டத்தின் பழைய விதிப்படி பெற்றோர் தம் பிள்ளைகளை முற்றாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளைகள் நால்வர் வரை இருப்பின், மரணசாதனம் இல்லாவிடின் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியதில் மூன்றிலொன்றும், அதற்கு மேற்பட்டோர் இருப்பின் பாதியும், கட்டாயப் பங்காக அவர்களைச் சேர்ந்தது. ஆனால் 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தப் பங்கை ஒழித்துவிட்டது. அன்று தொட்டு, ஒருவர் தமது ஆதனத்தைத் தாம் விரும்பியவாறு எவருக்கும் எழுதி வைக்கலாம். பிள்ளையையோ பெற்றோரையோ உறவினரையோ நீக்கிவிடலாம். ஏன் நீக்கினார் என்று காரணம் கூறவும் வேண்டியதில்லை. "எனக்கு ஏன் தரவில்லை?" என்ற கேள்வியைச் சட்டம் 1844இலேயே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

அப்படியாயின் மகளுக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. "தகப்பன் செய்தது நியாயமா?" என்பதை விட்டு, "இதைச் செய்தவர் தகப்பன்தானா?" என்று அவள் கேட்க வேண்டும். நீக்கும் உரிமை தகப்பனுக்கே உரியது. அவர் பெயரால் வேறொருவர் நீக்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பத்திரத்தின் புறவடிவத்தை முதலிலே பார்க்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு இரண்டு வழிகளை வகுத்திருக்கின்றது. பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒரே வேளையில் உடனிருக்க ஒப்பமிடுவது ஒரு வழி. நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகள் ஒருங்கே இருக்க ஒப்பமிடுவது மற்றது. மரணசாதனக்காரர் தாமே ஒப்பமிட முடியாதவராயின், அவர் முன்னிலையில், அவருடைய பணிப்பின்படி, வேறொருவர் அவருக்காக ஒப்பமிடலாம். 'ஒரே வேளையில்' என்பதை வாசிப்போர் பலர் கவனியாமல் விடுகின்றனர். ஒரு சாட்சி காலையிலும் மற்றவர் மாலையில் வேலை விட்டு வந்த பின்னரும் ஒப்பமிட்டிருந்தால், அந்தப் பத்திரம் எத்தனை முத்திரை குத்தப்பட்டிருந்தாலும் மரணசாதனம் ஆகாது. வேறொரு விதியும் உண்டு. மரணசாதனம் எழுதிய பின் ஒருவர் விவாகம் செய்தால், முன்னெழுதியது தானாகவே இரத்தாகின்றது. இரண்டாம் தாரம் கொண்டோரின் வீடுகளிலே இதனை அறியாமல் பழைய பத்திரத்தைப் பொக்கிஷமாகக் காப்பவர் உளர்.

நொத்தாரிசு முன் முடித்த பத்திரத்தை அசைக்க முடியாது என்ற நம்பிக்கை நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. அது பாதி உண்மைதான். நொத்தாரிசின் அத்தாட்சி, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் ஒப்பமிட்டார் என்பதற்குப் பலமான சான்று. ஒப்பமிட்டவரின் மனத்தினுள் என்ன இருந்தது என்பதற்கு அது முடிந்த முடிபு அன்று. அது மட்டுமல்ல, அந்த அத்தாட்சியை நிதானமாக வாசித்தால் அதுவே பல கேள்விகளுக்கு வாசலாகும். ஒப்பமிடுபவர் நொத்தாரிசுக்கு அறிமுகமானவராக இருக்க வேண்டும். இல்லையேல் சாட்சிகள் இருவருக்கேனும் தெரிந்தவராக இருக்க வேண்டும். நமது உதாரணத்தில், அந்த நண்பர்கள் இருவரும் முதியவரை அன்றைக்கு முன் எத்தனை முறை கண்டிருந்தனர்? ஆங்கிலப் பத்திரத்தை அவருக்குத் தமிழிலே விளக்கியவர் யார்? அந்த விளக்கம் நடந்ததாக அத்தாட்சியிலே ஒரு சொல்லேனும் உண்டா?

இனி, இந்த விஷயத்தின் நடுநாயகமான விதிக்கு வருவோம். அது 1838ஆம் ஆண்டிலே இலண்டன் பிரிவிக் கவுன்சிலில் தீர்க்கப்பட்ட பரி எதிர் பட்லின் என்னும் வழக்கிலிருந்து வந்தது. பெண்டொக் பரி பரி என்ற ஆங்கிலச் செல்வர் ஒருவர் தமது ஒரே மகனை விலக்கிவிட்டு, தம் வழக்கறிஞருக்கும் நண்பருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் பொருளை எழுதி வைத்தார். பத்திரத்தைத் தயாரித்தவர், அதிலே பெருந்தொகை பெற்ற அந்த வழக்கறிஞரே. மகன் வழக்காடினான். தீர்ப்புரைத்த நீதிபதி பார்க் இரண்டு விதிகளை வகுத்தார். மரணசாதனத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருபவரே, அது சுயாதீனமும் அறிவுத் தெளிவும் உள்ள ஒருவரின் கடைசி விருப்பம் என்று நீதிமன்றத்தின் மனச்சாட்சி நிறைவடையும்படி நிரூபிக்க வேண்டும் என்பது முதலாவது. பத்திரத்தை எழுதியவரோ எழுதுவித்தவரோ அதனால் இலாபம் பெறுவாராயின், நீதிமன்றம் ஐயத்தோடு விழித்திருந்து சான்றை ஆராய வேண்டும் என்பது இரண்டாவது.

இவ்வழக்கிலே ஒரு விசித்திரம் உண்டு. உலகெங்கும் ஏமாற்றப்பட்ட பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் இந்த விதியைப் பெற்றுத் தந்த மகன், தன் வழக்கிலே தோற்றுப்போனான். தகப்பனுக்கும் அவனுக்கும் இடையே முன்னமே பெரும் பிரிவு இருந்தது; பத்திரம் நம்பத்தக்க சாட்சிகளின் முன்னிலையிலே வெளிப்படையாக முடிக்கப்பட்டிருந்தது. ஐயம் எழுந்தது, விடையும் கிடைத்தது. ஆகவே மரணசாதனம் நிலைத்தது. ஐயம் உண்டு என்பதனாலே மட்டும் பத்திரம் வீழ்ந்துவிடாது என்பதையும் இதே வழக்குச் சொல்லி வைத்திருக்கின்றது.

இலங்கையிலும் இக்கொள்கை வேரூன்றிவிட்டது. 1919ஆம் ஆண்டின் அலிம் உயில் வழக்கை இங்குள்ள வழக்கறிஞர் இன்றும் எடுத்துக்காட்டுவர். அயல்நாடாகிய இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1958இலே வேங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மாஜம்மா என்ற மைசூர் வழக்கில் இதனை இன்னும் விரிவாக எடுத்துரைத்தது. ஓர் அம்மையாரின் மரணசாதனத்தை முன்னின்று எழுதுவித்தவரின் புதல்வர்களுக்கு அதிலே பெரும் பயன் வைக்கப்பட்டிருந்தது. ஒப்பம் அம்மையாருடையதுதானா என்பதோடு நீதியரசர் கஜேந்திரகட்கர் நிற்கவில்லை. அதன் உள்ளடக்கத்தை அவர் விளங்கிக்கொண்டு இட்டாரா என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கண்டார். மரணசாதனம் ஏற்கப்படவில்லை. ஏனைய பத்திரங்களை எழுதியவர் உயிரோடிருந்து, இது என்னுடையது அல்லது இல்லை என்று சொல்லக்கூடும். மரணசாதனத்தைப் பற்றிப் பேசும்போது, பேச வேண்டிய ஒருவர் இல்லை. நீதிமன்றத்தின் தனிப்பட்ட கவனத்துக்கு இதுவே காரணம்.

அறிவுத் தெளிவு என்றால் என்ன? முதுமையும் மறதியும் நோயும் இருந்தாலே மரணசாதனம் செல்லாது என்று எண்ணுவோர் ஏமாறுவர். இங்கிலாந்திலே ஜோன் பாங்ஸ் என்று ஒருவர் இருந்தார். எப்போதோ இறந்துபோன ஒரு மனிதன் தம்மைத் துரத்துகின்றான் என்றும், பேய்கள் தம்மைச் சுற்றி நிற்கின்றன என்றும் அவர் உறுதியாக நம்பினார். ஒரு காலத்தில் சித்தசுவாதீனமற்றோர் விடுதியிலும் இருந்தவர். 1863இலே, தம்மோடு வாழ்ந்த மருமகளுக்கு ஆதனத்தை எழுதி வைத்தார். 1870இலே நீதிமன்றம் அந்த மரணசாதனத்தை நிலைநிறுத்தியது. தாம் செய்வது இன்னதென்றும், தமது பொருள் இவ்வளவென்றும், தம்மிடம் உரிமை பாராட்டக்கூடியோர் இன்னாரென்றும் அவர் அறிந்திருந்தார். பேய்களுக்கும் அந்தப் பத்திரத்துக்கும் தொடர்பு இல்லை. எனவே, அப்பா சில நாட்களில் தம் பெயரையே மறந்துவிடுவார் என்று மகள் சொல்வது தனியே போதாது. அந்த ஒன்பதாம் நாள் முன்னே, அந்த மணியிலே, அவர் நிலை என்ன என்பதே கேள்வி.

இதற்குச் சான்று வேறெங்கும் இல்லை. ஆசுபத்திரிக் கட்டிலின் தலைமாட்டிலே தொங்கிய நோயாளி அட்டையில் இருக்கின்றது. எந்த மணிக்கு என்ன மருந்து ஏற்றப்பட்டது, நோயாளி கேட்டதற்கு விடை சொன்னாரா, மயக்கத்திலிருந்தாரா என்பனவெல்லாம் எவருக்கும் சார்பில்லாத கைகளால் அதிலே எழுதப்பட்டிருக்கும். வழக்கைப் பற்றிய எண்ணமே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட ஒரு வரி, வழக்குக்கென்று பின்னர் எழுதப்படும் பத்துச் சத்தியக்கடதாசிகளை விடப் பெறுமதியானது. அந்தப் பதிவேடுகள் என்றென்றைக்கும் வைக்கப்படுவன அல்ல. துக்கம் ஆறட்டும் என்று பிள்ளைகள் காத்திருக்கும் மாதங்களிலேயே அவை கைநழுவிப் போகலாம்.

அதே வேளையில் எதிர்க் கட்சிக்கும் ஓர் அரண் இருக்கின்றது. 1883இலே தீர்க்கப்பட்ட பார்க்கர் எதிர் பெல்கேற் என்ற வழக்கிலே, நோயாளியான ஒரு பெண் நல்ல நிலையிலிருக்கும்போதே வழக்கறிஞருக்கு விவரம் சொல்லியிருந்தாள். பத்திரம் ஆயத்தமான வேளையில் நோய் முற்றிவிட்டது. அரைமயக்கத்திலிருந்து எழுப்பப்பட்டபோது, தான் முன்பு சொன்னபடி எழுதப்பட்ட பத்திரமே இது என்ற அளவுக்கு மாத்திரம் அவளுக்கு விளங்கியது. அதுவே போதும் என்று நீதிமன்றம் கூறிற்று. ஆகவே, ஒப்பமிட்ட நாளோடு விவரம் சொன்ன நாளையும் தேட வேண்டும். நமது உதாரணத்திலே நொத்தாரிசிடம் முதலிலே சென்றவர் யார்? தகப்பனா, மகனா? மகன் தான் தன் வாயால் விவரம் சொல்லி, தான் எழுதுகூலி கொடுத்து, தானே பத்திரத்தை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றிருந்தால், பரி வழக்கின் இரண்டாம் விதி முழுப் பலத்தோடும் எழுந்து நிற்கின்றது.

இவ்விடத்திலே நுணுக்கமான ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஐயத்துக்குரிய சூழ்நிலையைச் சுட்டிக்காட்டினால், அதனை அகற்றும் பாரம் பத்திரத்தைக் கொண்டுவந்தவரின் தலையிலே விழுகின்றது. ஆனால் "தம்பி மிரட்டி எழுதுவித்தான்", "கள்ளப் பத்திரம் செய்தான்" என்று நேரே குற்றஞ்சாட்டினால், அதனை நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டியவரையே சாரும். கோபத்திலே பிள்ளைகள் பாரதூரமான வார்த்தையையே முதலில் எடுத்துவிடுகின்றனர். பின்னர் அதைச் சுமக்க முடியாமல் தவிக்கின்றனர். மிரட்டல் என்பதற்கும் சட்டத்திலே தனிப் பொருள் உண்டு. அருகிலிருந்து கெஞ்சுவதும், செய்த உதவிகளை நினைப்பூட்டுவதும், மற்றவரைப் பற்றிக் கோள் சொல்வதுங்கூடப் பெரும்பாலும் மிரட்டல் ஆகா. 1868இலே ஹால் எதிர் ஹால் என்ற ஆங்கில வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல் இது: அழைத்துச் செல்வது குற்றமில்லை, துரத்திச் செல்வது குற்றம். நிம்மதியாகச் சாகவிட்டால் போதும் என்று ஒரு நோயாளி பேனையை வாங்கினால், அது அவர் விருப்பம் அன்று.

நடைமுறை எவ்வாறு? மரணசாதனத்தைத் தம் வசம் வைத்திருப்பவரோ கண்டெடுத்தவரோ அதனை மாவட்ட நீதிமன்றத்திலே ஒப்படைக்கக் கடமைப்பட்டவர் என்று 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விதிக்கின்றது. அலுமாரியிலே பூட்டி வைத்து, உறவினருக்கு ஓரத்தை மாத்திரம் காட்டுவது முறையன்று. நிறைவேற்றுபவர் மனுச் செய்தபின் அறிவித்தல் வரும். பத்திரிகையிலும் விளம்பரம் வரும். ஆட்சேபிப்பவர் அந்த விசாரணை முடிவதற்குள் வந்து, தடைமனுவாலோ ஆட்சேபனையாலோ தம்மை வெளிப்படுத்த வேண்டும். அறிவித்தல் கிடைக்காமல் எல்லாம் முடிந்துவிட்டதாயின், வழங்கிய உரித்தாணையை மீளப்பெறுமாறு கேட்கவும் வழி உண்டு. ஆனால் வீடு அதற்குள் கைமாறி, புதிதாக வாங்கியவர் சுவரை இடித்துக் கட்டத் தொடங்கியிருந்தால், அந்த வழி கரடுமுரடானதே. முன்பு பிறக்கிறாசியார் ஒருவரிடமும் அப்புக்காத்து ஒருவரிடமும் தனித்தனியே செல்ல வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டின் சட்டத்தாலே அந்த வேறுபாடு ஒழிந்து இருசாராரும் சட்டத்தரணிகள் ஆகிவிட்டனர். செலவு குறைந்ததா என்பது வேறு விஷயம்.

விசாரணையிலே பத்திரச் சாட்சிகளில் ஒருவரேனும் கூண்டிலேறிச் சொல்ல வேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் விதி. வழக்கின் உயிர்நிலை அங்கேதான். கட்டில் சன்னலோரமா கதவோரமா, முதியவர் படுத்திருந்தாரா சாய்ந்திருந்தாரா, எந்தக் கைப் பெருவிரல், மையை யார் தடவினார், அவர் ஏதாவது சொன்னாரா, சொன்னால் எந்தப் பாஷையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். உண்மையிலே உடனிருந்தவர்கள் இவற்றிற் சிலவற்றை மறந்திருப்பர். சிலவற்றில் ஒருவரோடொருவர் மாறுபடுவர். எல்லாவற்றையும் ஒரே வார்த்தையாக ஒப்புவிப்பவர்களையே நீதிபதிகள் கூர்ந்து நோக்குவர். வலப்பக்கம் செயலிழந்தவரின் வலப் பெருவிரல் பதிந்திருந்தால், அதனைப் பிடித்து அழுத்தியவர் யார் என்ற கேள்வி எழாமற் போகாது.

அற்றோர்ணித் தத்துவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகப்பன் கொடுத்த தத்துவம் தன்னிடம் இருக்கின்றது என்று கூறி, அவர் இறந்தபின் வாடகை வாங்குவோரும் வங்கிக்குச் செல்வோரும் உளர். கொடுத்தவரின் மூச்சோடு அந்தத் தத்துவமும் முடிந்துவிடுகின்றது.

மரணசாதனம் வீழ்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் வழக்குக்கு முன்னரே எண்ணிப் பார்ப்பது நன்று. முந்திய மரணசாதனம் ஒன்று ஒழுங்காக முடிக்கப்பட்டிருந்தால், பிந்தியது செல்லாதபோது முந்தியதே நிற்கும். அது மகளுக்கு இன்னும் பாதகமானதாயும் இருக்கலாம். ஒன்றும் இல்லையேல், மரணசாதனமின்றி இறந்தவரின் முதுசொம்மாகவே யாவும் கருதப்படும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்பட்டவராயின் ஒரு விதம், முஸ்லிமாயின் அவர்களுக்குரிய 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி வேறு விதம். பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவராயின் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருந்தும். மனைவி உயிரோடிருந்தால் பாதி அவளுக்கு. எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாக. நமது உதாரணத்திலே தாய் இல்லை. ஆகவே மூன்றிலொன்று மகளுக்கு. மூன்றிலொன்று, பத்திரத்தைக் கொண்டுவந்த அதே தம்பிக்கு. மூன்றிலொன்று, மூன்று வருடத்திலே ஒருமுறையும் வந்து பாராத அண்ணனுக்கு. இரவிரவாக விழித்திருந்து தகப்பனைப் புரட்டிப் படுக்க வைத்த கைகளுக்கென்று அந்தக் கணக்கிலே தனிப் பங்கு எதுவும் இல்லை. நான்கு பேர்ச் நிலத்தை மூன்றாகப் பிரிக்கவும் முடியாது; விற்றுத்தான் பணத்தைப் பிரிக்க வேண்டிவரும். அந்த வீட்டிலே தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதே மகளின் எண்ணமாயின், வழக்கில் வெல்வதோடு, அண்ணனிடமும் தம்பியிடமும் அவர்களுடைய பங்கைப் பற்றிப் பேசவும் அவள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.